சொல்லிச் செய்த கிடார்: மரம், பிக்கப், பூச்சு

எலெக்ட்ரிக் கிடார் ஒன்றைச் சொல்லிச் செய்துகொள்ள நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பாடிக்கு என்ன மரம் போடலாம்?" என்றுதான். எனக்கென்று ஒன்று செய்து வாங்கி வாசித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது: பாடி மரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பின்னால் எந்தக் காலத்திலும் மாற்ற முடியாதவை எவை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேல் நீளம், ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எண்ணிக்கை, நெக்கின் (கிடாரின் கழுத்து) பருமன், நெக் பாடியோடு சேரும் விதம், மொத்த எடை. இவையெல்லாம் ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். பிக்கப்பை, அதாவது கம்பியின் அசைவை மின்சைகையாக்கும் பாகத்தை, கழற்றி வேறு போடலாம். ட்யூனிங் கீயை, பிரிட்ஜை, வால்யூம் கண்ட்ரோலை மாற்றலாம். யோசிக்கும் நேரத்தில் பெரும்பங்கு, திரும்பி வர முடியாத முடிவுகளுக்குப் போக வேண்டும்.

ஸ்கேல் நீளம் என்பது நெக்கின் மேல்முனையில் இருக்கும் நட்டில் இருந்து பாடியில் இருக்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டர் நிறுவனத்தின் வழியில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்ஸன் வழியில் பெயரளவுக்கு 24.75 அங்குலம், ஏறத்தாழ 628 மி.மீ. வித்தியாசம் வெறும் 2 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. கணக்குப் போட்டால் நீளமான ஸ்கேலில் 6 சதவீதம் அதிக இழுவிசை. பெண்ட் செய்யும், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றும் விரலுக்கு இது நன்றாகவே தெரியும். தாழ்ந்த சுருதிக்கு இறக்கி வாசிப்பவருக்கு நீளமான ஸ்கேல் நல்லது, கம்பி தொளதொளக்காது. நிறைய பெண்டும் வைப்ரேட்டோவும் வாசிப்பவருக்குக் குட்டை ஸ்கேல் இதமாக இருக்கும். நான் 648 எடுத்தேன். தனித்தனி நோட்டாகப் பிரித்து வாசிக்கும் கிளீன் டோன்தான் எனக்கு முக்கியம். அடிக்கம்பிகள் அதில் இறுக்கமாக, தெளிவாகக் கேட்கும்.

22 ஃபிரெட்டா 24 ஃபிரெட்டா என்பதைப் பலரும் "மேலே இரண்டு நோட்டு கூடக் கிடைக்கும்" என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். 24ஆவது ஃபிரெட் நிற்கும் இடம் பிரிட்ஜில் இருந்து ஸ்கேல் நீளத்தில் சரியாகக் கால்பங்கு தூரம், 648 மி.மீ. ஸ்கேலில் 162 மி.மீ. பழைய கிடார்களில் நெக் பிக்கப்பின் காந்தமுனைகள் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் இருக்கும். அங்கே ஃபிரெட் வந்துவிட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தாக வேண்டும். பிரிட்ஜை நெருங்க நெருங்க உருண்டையான, குழைவான ஒலி குறைந்து கூர்மை ஏறும். நெக் பிக்கப்பில் ஊறிப்போன காது எனக்கு. அதனால் 22 என்று தயங்காமல் எழுதினேன்.

நெக்கின் பருமனைச் சொல்லும்போது "மெல்லிசா இருக்கட்டும்", "கைக்கு அடக்கமா வேணும்" என்றெல்லாம் சொல்லாதீர்கள். கையில் இருக்கும் கிடார்களில் உங்கள் கை விரும்புவது எதுவோ, அதன் நெக்கை முதல் ஃபிரெட்டிலும் 12ஆவது ஃபிரெட்டிலும் வெர்னியர் காலிபரால் அளந்து எண்ணைச் சொல்லுங்கள். நான் கொடுத்தது 21.5 மி.மீ., 23.5 மி.மீ. செய்பவருக்கு அரை மில்லிமீட்டர் எட்டும் தூரம்தான். "அடக்கமா" என்பது மட்டும் எட்டாது.

இனி மரம். மரம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் நெக் என்பது என் உறுதியான எண்ணம். ஆறு கம்பிகள் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இரவும் பகலும் அதை முன்னே வளைக்கப் பார்க்கின்றன. உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு அதைத் தடுத்து நிற்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் அசைகிறது. இத்தனைக்கும் நடுவில் நெக் நேராக நிற்க வேண்டும், முறுக்கிக்கொள்ளக் கூடாது. முன்பின் வளைவை ட்ரஸ் ராட் திருத்தும். முறுக்கலைச் சாதாரண ட்ரஸ் ராட் எதுவும் திருத்தாது.

ஆகவே நெக்குக்கு எடுத்து வைத்த மரத்துண்டை நேரில் பார்க்கக் கேளுங்கள். பார்க்க வேண்டியது அதன் வெட்டுமுனையை. ஆண்டு வளையக் கோடுகள், விரல் பதியும் ஃபிங்கர்போர்டு முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது குவார்ட்டர் ஸான். படுத்திருந்தால் ஃபிளாட் ஸான். இரண்டிலும் நல்ல நெக் வரும். ஆனால் ரேகை துண்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்தத் துண்டு வேண்டாம். ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும் வகையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தக் கழுத்தில்தான் கீழே விழுந்த கிடார்கள் உடைகின்றன. எனக்குச் செய்தவர் ஈரமானியைத் துண்டில் வைத்து அளந்து காட்டினார். 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வெட்டத் தொடங்குவது அவர் வழக்கம். வெட்டியதையும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. தோராயமாகச் செதுக்கிச் சில வாரம் அப்படியே விட்டு, அது எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து, மறுபடி நேராக்கி, அதன் பிறகே ட்ரஸ் ராடுக்கான பள்ளம் எடுத்தார். இந்தக் காத்திருப்புக்கு உங்களால் இடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அவசரப்படுத்திய கிடார் பிறகு உங்களிடம்தான் அசையும்.

நான் எடுத்தது வறுத்த மேப்பிள். ஆக்சிஜன் குறைந்த சூளையில் மரத்தை அதிக வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். நிறம் தேன் பழுப்பாக மாறும், காற்றின் ஈரத்தை முன்புபோல உறிஞ்சாது. குறையும் உண்டு. அது கொஞ்சம் நொறுங்கும் தன்மை கொண்டது, அதனால் திருகு போகும் ஒவ்வொரு இடத்திலும் சரியான அளவில் முன்துளை போட வேண்டும், இல்லாவிட்டால் விண்டுபோகும். ட்யூனிங் கீயைப் பின்னாளில் நீங்களே மாற்றினாலும் இதை நினைவில் வையுங்கள்.

ஃபிங்கர்போர்டுக்குக் கருங்காலி, ஈட்டி, மேப்பிள் என்ற மூன்றும்தான் பெரும்பாலும் பேச்சில் வரும். மேப்பிளுக்கு மேலே பூச்சு தேவை, மற்ற இரண்டுக்கும் தேவையில்லை. ஈட்டியில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது, ஆனால் அறுத்த பலகைக்கு இல்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த பிரேசிலிய ரோஸ்வுட் தனி. அது 1992 முதலே முதல் பட்டியலில் இருக்கிறது, விலக்கும் அதற்குப் பொருந்தாது. நாடுவிட்டு நாடு கிடாரோடு போகிறவர்கள் எந்த இன மரம் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான் ஈட்டியே போட்டேன். விரலுக்கு அது தரும் மெல்லிய பிடிமானம் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

பாடி மரத்துக்கு வருகிறேன். மஹோகனி என்றால் வெதுவெதுப்பு, மேப்பிள் என்றால் பளிச், ஆல்டர் என்றால் சமநிலை என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். எலெக்ட்ரிக் கிடாரின் வரலாறே இதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் "ஃபிரையிங் பேன்" வார்ப்பு அலுமினியம். டேன்எலெக்ட்ரோ கிடார்களின் முகமும் முதுகும் மேசனைட் என்ற அழுத்தப் பலகை. 1969இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்தது ஒளி ஊடுருவும் பிளெக்ஸிகிளாஸ். இவை அனைத்திலும் நல்ல இசை பிறந்திருக்கிறது. பிக்கப் கேட்பது காந்தப்புலத்தில் எஃகுக் கம்பி அசைவதை. காற்றில் வரும் ஒலியை அல்ல. மரம் கம்பியின் அசைவில் எவ்வளவு தலையிடுகிறதோ அந்த அளவுக்குத்தான் அதன் பங்கு வருகிறது.

எனக்குச் செய்தவரிடம் ஒரே பிக்கப், ஒரே பிரிட்ஜ், ஒரே ஸ்கேலில் ஆல்டரிலும் மஹோகனியிலும் செய்த இரண்டு கிடார்கள் இருந்தன. அவர் வாசிக்க, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டபோது எனக்கு எது எது என்று தெரியவே இல்லை. கிளீனில் ஓரிரு நோட்டுகள் ஒன்றில் சீக்கிரம் மங்கின, மற்றதில் நீடித்தன. அதுகூட நெக்கின் விறைப்பால் வரும் டெட் ஸ்பாட்டாக இருக்கலாம் என்று அவரே சொன்னார். "சார், பாடி மரத்த தோளுக்காகப் பாருங்க. காதுக்கு வேற இடத்துல வேல இருக்கு" என்றார். அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

தோளுக்காகப் பார்ப்பது என்றால் எடைக்கணக்கு. வழக்கமான பாடிக்கு எடுக்கும் பலகை சுமார் 51 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. தடிமன். ஆல்டரின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ, பலகை 3.7 கிலோ வரும். 590 என்று கொள்ளத்தக்க மஹோகனியில் அதே பலகை 4.9 கிலோ. வெட்டி, குடைந்து, விளிம்பைச் சரித்த பிறகு கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். ஆல்டர் பாடி 1.9 கிலோ, நெக் 0.7, உலோகச் சாமான்களும் பிக்கப்பும் 0.8 என்றால் மொத்தம் 3.4 கிலோ. நின்றுகொண்டு நெடுநேரம் வாசிக்க எனக்கு 3.5 கிலோதான் எல்லை. அந்த எண்ணை ஆர்டர் தாளில் மேல்வரியில் எழுதச் சொன்னேன். ஒரே இன மரத்திலும் பலகைக்குப் பலகை எடை நிறைய மாறும் என்பதால், இனத்தின் பெயரைவிடத் தராசு சொல்வதே உண்மை. சதுப்பு ஆஷ் ஆசைப்பட்டால் எடை குறைந்த பலகை கிடைப்பது இப்போது கடினம். வெள்ளமும் ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டும் சேர்ந்து வரத்தைக் குறைத்துவிட்டன, ஃபெண்டரே 2020இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கிக்கொண்டது. பாடியை மட்டும் மிக லேசாக்கினாலும் சிக்கல்தான். நெக் கீழே சாயத் தொடங்கும், இடது கை வாசிப்பதை விட்டுத் தாங்க ஆரம்பிக்கும்.

காதுக்கு வேலை இருக்கும் இடம் பிக்கப். இங்கே நிதானமாக இருங்கள், ஏனென்றால் விளம்பரச் சொற்கள் அதிகம் புழங்குவதும் இங்கேதான்.

பிக்கப் விவரத்தாளில் எல்லோரும் பார்ப்பது டிசி ரெசிஸ்டன்ஸ் (மின்தடை): ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயிலுக்கு 6 கிலோ ஓம், இரண்டு சுருள் சேர்ந்து இரைச்சலை அடக்கும் ஹம்பக்கரில் பழைய பாணிக்கு 8, அதிகம் சுற்றிய "சூடான" வகைக்கு 14, 15 என்று இருக்கும். எண் ஏறினால் சத்தம் ஏறும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதே சுற்றுகளை 42 கேஜுக்குப் பதிலாக இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியில் சுற்றினாலே ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். ஒலி அதே அளவு ஏறாது. கேட்டு வாங்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு). பிக்கப்பின் இண்டக்டன்ஸும், காயிலும் கேபிளும் சேர்ந்து தரும் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்க அளவு) ஒரு ஒத்ததிர்வு முகட்டை உண்டாக்குகின்றன. அந்த முகடு எந்த அதிர்வெண்ணில் நிற்கிறதோ, அதுவே நாம் "பளிச்", "மொத்தை" என்று சொல்வதில் பெரும்பகுதி. ஐந்து மீட்டர் கேபிளோடு கெப்பாசிட்டன்ஸ் 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 ஹென்றி சிங்கிள் காயிலுக்கு முகடு 4.2 கிலோஹெர்ட்ஸில் வரும். 4.5 ஹென்றி ஹம்பக்கருக்கு 3 கிலோஹெர்ட்ஸ். 8 ஹென்றிக்கு 2.3. கேபிளை நீட்டினால் மூன்றும் இறங்கும். பிக்கப் மாற்ற நினைக்கும் முன் குட்டையான, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிளில் வாசித்துப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் கிடாரில் பிரிட்ஜில் ஆல்நிக்கோ 5 என்ற உலோகக்கலவைக் காந்தத்தோடு மிதமாகச் சுற்றிய ஹம்பக்கர், நெக்கில் சிங்கிள் காயில். இந்தக் கலவையில் ஒரு சிக்கல் உண்டு. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் பாட் (வால்யூமை மாற்றும் திருகு மின்தடை) பொருந்தும், சிங்கிள் காயிலுக்கு 250. இரண்டுக்கும் ஒரே பாட் என்றால் ஒன்று காதைக் குத்தும் அல்லது மற்றது மூடிக்கொள்ளும். தீர்வு எளிது, அதிகம் பேர் கேட்பதில்லை: 500 கிலோ ஓம் பாட் போட்டுவிட்டு, நெக் பிக்கப் மட்டும் இணையும்போது அதற்கு இணையாக ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வரும்படி ஸ்விட்ச்சில் பற்றவைத்தால், சிங்கிள் காயில் பார்ப்பது ஏறத்தாழ 242 கிலோ ஓம். மிகச் சின்ன ஒரு பாகம், இரண்டு பிக்கப்பும் அவற்றின் இயல்பில் ஒலிக்கின்றன. ஸ்விட்ச்சின் நடு நிலையில் ஹம்பக்கரின் ஒரு காயிலை மட்டும் எடுத்து நெக் பிக்கப்போடு சேர்க்கிறோம். அந்தக் காயிலின் சுற்றுத் திசையும் காந்தமுனையும் நெக் பிக்கப்புக்கு எதிராக இருந்தால் இரைச்சல் அடங்கிவிடும். எந்தக் காயில் என்பதை வாங்கும் முன்பே செய்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சிங்கிள் காயில் தனியாக ஒலிக்கும்போது மின்கம்பி இரைச்சல் வரத்தான் செய்யும். குழிகள் முழுவதும் செப்புத்தாள் ஒட்டி, துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, எர்த்தோடு இணைக்கச் சொன்னேன். அது சுற்றுப்புற இடையூற்றைக் குறைக்கிறது. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் தரும் இரைச்சலை அது தடுக்காது. அறையில் சற்றுத் திரும்பி உட்கார்ந்தால் குறையும்.

பிக்கப் உயரத்தை ஸ்க்ரூடிரைவரால் நீங்களே பாருங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து அளந்தால், சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ., ஹம்பக்கருக்கு 1.6 மி.மீ. என்று தொடங்கலாம். ஆல்நிக்கோ முனைகள் கொண்ட சிங்கிள் காயில் மிக நெருங்கினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். மேல் ஃபிரெட்களில் அடிக்கம்பி சுருதி தடுமாறி, இரண்டு சுருதி ஒன்றாகக் கேட்பதுபோல உளறும். பிரிட்ஜில் இன்டனேஷனை (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதை) திருத்தித் திருத்திச் சரிவரவில்லை என்றால் முதலில் பிக்கப்பை இறக்கிப் பாருங்கள்.

பூச்சு பற்றி முடிவு செய்தது நிறம்தான். பாடியின் மேல் ஒட்டிய மேப்பிள் முகப்பில் ரேகை தெரியும்படி ஒளி ஊடுருவும் நீலம் எனக்கு வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெல்லியது, காலத்தோடு அழகாகத் தேயும், பழுது பார்க்கவும் எளிது. பழைய அடுக்கோடு புதிய அடுக்கு கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது நாளடைவில் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை சாயும். அதனால் பாடிக்கு மஞ்சளாகாத பாலியூரிதேன். நைட்ரோ எடுப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: கிடார் ஸ்டாண்டின் ரப்பர், வினைல் பட்டைகளோடு அது வினைபுரிந்து பிசுபிசுத்துத் தழும்பு விழும். குளிரில் இருந்து கொண்டுவந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தாலும் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

நிறத்தை வண்ண அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாடி வெட்டிய அதே பலகையின் கழிவுத் துண்டில், அதே உப்புத்தாள் வரை தேய்த்து, சாயம் முதல் மேற்பூச்சு வரை எல்லா அடுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எனக்குச் செய்தவர் முதலில் கரும்சாயம் பூசி, அதை மேலாகத் தேய்த்து எடுத்தார். ரேகை திரும்பும் இடங்களில் மட்டும் கருமை தங்கியது. அதன் மேல் நீலம் ஏறியபோது துண்டைச் சாய்க்கச் சாய்க்க வரிகள் இடம் மாறின. சாயம் உலர்ந்த நிலையில் மங்கிச் செத்துப்போனதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம். மேற்பூச்சு ஈரமாக விழுந்த நொடியில் உண்மை நிறம் வரும். மஹோகனி, ஆஷ் போன்ற துளை திறந்த மரங்களுக்கு முதலில் துளை நிரப்பி வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே எத்தனை அடுக்கு அடித்தாலும் கொஞ்ச நாளில் பரப்பு உள்வாங்கிக் குழிகுழியாகத் தெரியும்.

நெக்கின் பின்பக்கம் வேறு கதை. அங்கே பளபளப்பு வந்தால் வியர்வையில் கட்டைவிரல் ஒட்டும். எண்ணெய் தேய்த்து மெழுகு போட்ட வறுத்த மேப்பிளில் கை வழுக்கிக்கொண்டு போகிறது. வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பது, வறண்டால் மறுபடி எண்ணெய் தேய்ப்பது மட்டுமே பராமரிப்பு. இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். உலரும் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் பாலியூரிதேனை வீட்டில் முயலவே வேண்டாம். அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதி, முறையான காற்றோட்டமும் சுவாசக் கருவியும் உள்ள அறையில் மட்டுமே அதை அடிப்பார்கள்.

கிடார் கைக்கு வந்ததும் நேராக ஆம்பில் சொருகத் தோன்றும். சொருகுங்கள், வாசியுங்கள். பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஆம்ப் இல்லாமல் ஒருமுறை வாசித்து, எங்காவது உரசுகிறதா, எந்த நோட்டாவது சட்டென்று சாகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஈரமும் வறட்சியும் மாறும் பருவம் ஒன்று கடந்த பிறகு இதையே திரும்பப் பாருங்கள். கையை நெக்கின் ஓரத்தில் ஓட்டினால் ஃபிரெட் முனைகள் நீட்டிக்கொண்டு குத்துகிறதா என்றும் பாருங்கள். குத்தினால் ஃபிங்கர்போர்டு சுருங்கியிருக்கிறது என்று பொருள். முனைகளை அரம் போட்டுத் தரவும், ட்ரஸ் ராடை ஒருமுறை திருத்தித் தரவும் செய்பவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் அதை ஆர்டர் கொடுக்கும்போதே தாளில் எழுதி வாங்கிவிட்டேன், எடை எல்லையை எழுதிய வரிக்கு அடுத்த வரியில்.